தடம் முன்னே, குடி பின்னே

2003 ஜூன் 20ஆம் தேதி சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது அதன் 16 நிலையங்களில் இரண்டு மூடியே கிடந்தன. புவாங்கோக், உட்லீ இரண்டும் கட்டி முடிக்கப்பட்டவைதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்போர் போதாது என்று ரயில்கள் அங்கே நிற்காமல் கடந்துபோயின. புவாங்கோக் மக்களுக்குக் கோபம். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது, வீண் செலவுக்கு அடையாளமாக அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் சாலையோரம் நின்றிருந்தன. காவல்துறை விசாரிக்கும் அளவுக்கு அது பெரிய செய்தியாயிற்று. 2006 ஜனவரி 15இல் புவாங்கோக் திறந்தது. உட்லீ 2011 ஜூன் 20 வரை, பாதைக்கு எட்டு வயது நிரம்பும்வரை, காத்திருந்தது. இன்று இரண்டு நிலையங்களைச் சுற்றியும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. இவை வீண் செலவு என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.

அந்த யானைகளை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. ஆள் சேர்ந்த பிறகு ரயில் விடுவதா, ரயிலை விட்டு ஆளைச் சேர்ப்பதா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் துணிந்து ஒரு பதில் சொன்னது. தடத்தை முன்னே போட்டது, குடியைப் பின்னே வைத்தது. அந்தப் பதில் சரியானது என்று இருபது ஆண்டுகள் நிரூபித்துவிட்டன. ஆனால் பல்லாயிரம் பேர் ஏற்கெனவே குடியிருக்கும் சில இடங்களுக்கு அந்தத் தடம் இன்னும் சரிவர எட்டவில்லை. வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகளைத்தான் சொல்கிறேன். இன்னும் வந்து சேராதவர்களுக்காக நிலையம் கட்டிவைத்த ஊர், வந்து உழைத்துக்கொண்டிருப்பவர்கள் நிலையத்துக்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். அதற்குப் புதிய சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. விடுதியின் வாசலுக்கும் நிலையத்தின் வாசலுக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமையில் ஒழுங்காக ஓடும் பொதுப் பேருந்து போதும்.

சிங்கப்பூருக்கு ரயிலே தேவையா என்று ஒரு காலத்தில் கடும் வாதம் நடந்தது என்பதை இளைய தலைமுறை அறிந்திருக்காது. 1980இல் அரசு அழைத்த ஹார்வர்ட் நிபுணர் குழு, பேருந்துகளை வைத்தே சமாளிக்கலாம் என்றது. கோ கெங் சுவீ போன்ற மூத்த தலைவருக்கும் செலவைப் பற்றிய கவலை இருந்தது. அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயிலுக்காக விடாமல் வாதாடினார். 1982இல் அரசு முடிவெடுத்தது. சுமார் 500 கோடி வெள்ளித் திட்டத்தின் முதல் பகுதி 1987 நவம்பர் 7இல் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோவரை ஓடியது. வெறும் ஐந்து நிலையங்கள், ஆறு கிலோமீட்டர். வடகிழக்குப் பாதைக்கு 1996இல் அனுமதி கிடைத்தது. ‘பொங்கோல் 21’ என்ற புதுநகர்த் திட்டத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். மறுவருடமே ஆசிய நிதி நெருக்கடி வந்து வீட்டுச் சந்தையைச் சாய்த்தது. பொங்கோலில் நினைத்த வேகத்தில் வீடுகள் எழவில்லை. ஆனாலும் தடம் போடும் வேலை நிற்கவில்லை. சுமார் 460 கோடி வெள்ளியில், ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பொங்கோல்வரை 20 கிலோமீட்டர் தூரத்துக்கு முழுக்க நிலத்தடியில், ஓட்டுநர் இல்லாமலே இயங்கும் ரயில் பாதை தயாரானது. 2024 டிசம்பர் 10இல் அது பொங்கோல் கோஸ்ட்வரை நீண்டது. பாதை முதலில் முடிந்த இடத்தில் அன்று பெரும்பகுதி வெறும் நிலம். இன்று அதற்கும் அப்பால் ஒரு பல்கலைக்கழக வளாகமும் மின்னிலக்க வட்டாரமும் வந்துவிட்டன.

இதே வழியில் நமக்கு முன்பே நடந்தவர்கள் ஜப்பானியர்கள். 1910இல் ஒசாகாவின் உமேதாவிலிருந்து தகரசூக்காவுக்கு ரயில் விட்ட கோபயாஷி இச்சிசோவுக்கு, தம் பாதையோரம் வயல்களே அதிகம் என்பது தெரியும். அதனால் வழியில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். பாதையின் ஒரு முனையில் 1914இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை மேடையேற்றினார். மறுமுனையில், உமேதா நிலையத்திலேயே, 1929இல் பல்பொருள் பேரங்காடி திறந்தார். வீட்டையும் வேலையையும் இணைத்தால் மட்டும் ரயில் நிறையாது, மக்கள் ஓய்வு நாளில் கூடுவதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று கண்டுகொண்டவர் அவர். முக்கால் நூற்றாண்டு கழித்து ஜப்பானிய அரசு அந்த அறிவைச் சட்டமாக்கியது. பெருநகர்களில் வீட்டு நில மேம்பாட்டையும் ரயில் கட்டுமானத்தையும் ஒரே திட்டமாக நடத்த 1989இல் சட்டம் வந்தது. அதன் பயனாக 2005 ஆகஸ்டு 24இல் சுகுபா எக்ஸ்பிரஸ் ஓடியது. தோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து அறிவியல் நகரமான சுகுபாவுக்கு 58.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள், விரைவு ரயிலில் 45 நிமிடம். முதலாண்டில் அதில் நாளொன்றுக்குச் சுமார் 1.5 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். பதினைந்து ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 3.8 லட்சத்தைத் தாண்டியது. புறநகர் ரயிலை முதலாண்டுக் கணக்கை வைத்து எடைபோடுவது, நட்ட மறுநாள் தென்னையில் காய் தேடுவதைப் போன்றது.

இனி நம் கதைக்கு வருகிறேன். அதே 1989இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகள் இங்குள்ள தமிழரின் வாழ்க்கையை மாற்றி அமைத்தன. அவ்வாண்டு மார்ச் 1 முதல் வீவக வட்டாரங்களில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. அதை அறிவித்தவர் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு வட்டாரத்தில் இந்தியரும் பிற இனத்தவரும் 10 விழுக்காட்டையும், ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. 2010இல் அது முறையே 12, 15 விழுக்காடாக உயர்ந்தது. இனம் இனமாகப் பிரிந்து வாழும் பேட்டைகள் உருவாகக்கூடாது என்ற நோக்கம் நல்லது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு, குடியிருப்போரில் சுமார் 9 விழுக்காடே உள்ள ஒரு சமூகம் தீவெங்கும் பரவி வாழ வேண்டும் என்பது. அதே ஆண்டு ஜூலை 7இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளை இடிக்க முடியாது, முகப்பை மாற்ற முடியாது. ஒரு கை மக்களைப் பரப்பியது, இன்னொரு கை கட்டடங்களைக் காத்தது. மக்கள் விலகிப்போன பிறகு கட்டடம் மட்டும் நின்றால் அது காட்சிப்பொருளாகிவிடும். உலகின் பல நகரங்களில் பழைய குடியேறிகளின் தெருக்களுக்கு அதுதான் நேர்ந்தது. லிட்டில் இந்தியாவுக்கு, நம் வழக்கில் தேக்காவுக்கு, அது நேராததற்கு ரயில் ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாதையின் வரைபடத்தைப் பாருங்கள். பொங்கோல், செங்காங், ஹவ்காங், சிராங்கூன், போத்தோங் பாசிர் என்று குடியிருப்பு நகர்களை வரிசையாகக் கடந்து, ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா என்று நம் கோயில்களுக்கும் கடைகளுக்கும் அடியிலேயே அது நுழைகிறது. ஃபேரர் பார்க்கில் ஏறிவந்தால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில், முஸ்தஃபா பேரங்காடி. லிட்டில் இந்தியாவில் ஏறிவந்தால் தேக்கா சந்தை, பஃபலோ சாலையின் பூக்கடைகள், சற்று நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். 2015 டிசம்பர் 27இல் டௌன்டவுன் பாதையும் இங்கே வந்து சேர்ந்தபோது, புக்கிட் பாஞ்சாங் பக்கத்துக் குடும்பங்களுக்கும் தேக்கா நேர்வழியாயிற்று. முன்பு பொங்கோலில் குடியேறுவது என்றால் தேக்காவின் சிராங்கூன் சாலையை விட்டு விலகுவது என்று பொருள். இப்போது அரை மணிக்கும் குறைந்த பயணம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவரும், தீபாவளிக்கு முன்னிரவில் பூ வாங்கப் போகும் பாட்டியும், மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்கீரையும் தேடிப் போகும் குடும்பமும் காரில்லாமலே போய்வரலாம். வீடு எங்கிருந்தாலும் கூடுமிடம் கைவிட்டுப் போகவில்லை. கோபயாஷி பாதையின் முனையில் கூடுமிடத்தைத் தாமே கட்டினார். நமக்கோ அது நூறாண்டுக்கு முன்பே அமைந்திருந்தது, தடம் அதைத் தேடி வந்தது.

செங்காங்கிலேயே வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறதே, மளிகைக் கடைகளும் பேட்டைக்குப் பேட்டை வந்துவிட்டனவே, இனி எதற்குத் தேக்கா என்று கேட்பவர்கள் உண்டு. சாமியும் சாமானும் பக்கத்தில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் வட்டாரத்துக்கு 12 விழுக்காடு என்ற வரம்புக்குள் வாழும் மக்கள், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று தங்கள் கண்ணாலேயே காணும் இடம் பேட்டைக்குள் அமையாது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருப்பதற்கும், தீபாவளி விளக்குகள் சிராங்கூன் சாலையில் ஏற்றப்படுவதற்கும் பொருள் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தக் கூடுமிடத்தை ஞாயிறுதோறும் நிறைப்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் பேட்டைவாசிகள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வந்தவர்கள். வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் ஊருக்குப் பணம் அனுப்ப, மொபைல் போனுக்குக் காசு ஏற்ற, வாழை இலையில் ஒருவேளை சாப்பிட, ஒரே கிராமத்திலிருந்து வந்து வெவ்வேறு விடுதிகளில் கிடக்கும் பங்காளிகளைப் பார்க்க வருகிறார்கள். 2020 தொடக்கத்தில் விடுதிகளில் சுமார் மூன்று லட்சம் ஊழியர்கள் தங்கியிருந்தார்கள். துவாஸ், ஜூரோங், கிராஞ்சி, சுங்கை காடுட் என்று தீவின் ஓரங்களில் அவை அமைந்திருப்பதால், பொதுமக்களில் பலருக்கு அவற்றின் அளவு பெருந்தொற்றின்போதுதான் உறைத்தது. அந்த ஏப்ரலில் தனிமைப்படுத்தப்பட்ட முதல் இரண்டு விடுதிகளில் ஒன்று 13,000 பேர் தங்கியிருந்த பொங்கோல் விடுதி. பொங்கோல்! எந்த நகரை நம்பி வடகிழக்குப் பாதை போடப்பட்டதோ அதே பொங்கோல். வரப்போகும் குடும்பங்களுக்காக நிலையம் முன்கூட்டியே கட்டப்பட்ட அதே திசையில், 13,000 பேர் நிலையத்திலிருந்து தள்ளியே வாழ்ந்தார்கள்.

தள்ளி இருப்பதற்கு ஒரு விலை உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்‌ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களை விடுதிக்குத் திரும்ப ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தில் அடிபட்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது ஊழியர் ஒருவர் மாண்டார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம் சிங்கப்பூர் பல பத்தாண்டுகளாகக் காணாதது. மறுவாரம் அந்தப் பேருந்துச் சேவைகளே நிறுத்தி வைக்கப்பட்டன. 2014இல் அறிக்கை தந்த விசாரணைக் குழு, விபத்தும் அதைப் பற்றிய தவறான புரிதலும் மதுவுமே காரணங்கள் என்றது. ஊழியர்களின் வேலை, தங்குமிடக் குறைகள் கலவரத்துக்குக் காரணம் அல்ல என்றும் கூறியது. அந்த முடிவை மறுக்க என்னிடம் சான்று இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் இடத்தைக் கவனியுங்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆறு பெட்டி ரயில் காலுக்கடியில் போய்க்கொண்டிருக்க, மேலே அத்தனை பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நிரம்பி வழியும் பேருந்துகளுக்காக வரிசையில் நின்றார்கள். ஏன்? ரயிலில் போனாலும் அது இறக்கிவிடும் நிலையத்திலிருந்து விடுதிக்கு மறுபடி ஒரு பயணம் தேவைப்படும். இரவு நேரம், மறுநாள் விடியுமுன் வேலை. அந்தக் கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு உத்தரவாதம் இல்லாதபோது, வாசலுக்கே போகும் பேருந்தை விட்டு யார் ரயிலுக்குப் போவார்?

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, விடுதிகளுக்கு அருகிலேயே பொழுதுபோக்கு மையங்கள் கட்டித் தந்திருக்கிறோமே என்பது. கிரிக்கெட் ஆட இடம், மளிகைக் கடை, பணம் அனுப்ப வசதி எல்லாம் அங்கே உண்டு. வேலை முடிந்த மாலைகளுக்கு அவை மிகவும் தேவை. ஆனால் துவாஸ் மையம் துவாஸ்காரரைத்தான் சேர்க்கும். அண்ணன் கிராஞ்சியிலும் தம்பி ஜூரோங்கிலும் இருந்தால் அவர்கள் சந்திக்கும் இடம் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கோயிலைப் பொழுதுபோக்கு மையத்துக்குள் கட்ட முடியாது. 2022 ஜூனில், விடுதிவாசிகள் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்ற விதி வந்தது. மையங்கள் அப்போதும் இருந்தன. இருந்தும் மக்கள் போக விரும்பிய இடங்கள் எவை என்பதை அந்த விதியே ஒப்புக்கொண்டது. ஊழியர் வரத்து நின்ற மாதங்களில் சிராங்கூன் சாலையின் ஞாயிறு வியாபாரம் எப்படி வற்றியது என்பதையும் அங்குள்ள கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு தேக்கா வட்டாரத்தில் குடியிருப்பவர்களிடமிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் புளோக்குகளுக்குக் கீழே நடமாடவே முடியவில்லை, இன்னும் வழி திறந்துவிட்டால் கூட்டம் பெருகாதா என்கிறார்கள். அவர்கள் சொல்லும் சிரமம் உண்மையானது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் நெரிசலை உண்டாக்குவது தலைக்கணக்கைவிட நேரக்கணக்குதான். கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஆயிரம் பேர் ஒரே மூலையில் கூடுவது வேறு. நினைத்த நேரத்தில் இரண்டு நிலையங்களின் பல வாசல்கள் வழியாகக் கலைந்துபோவது வேறு. முன்னதில் கூட்டம் தேங்குகிறது, பின்னதில் ஓடிவிடுகிறது.

ஊழியரை ஏற்றிச் செல்வது முதலாளியின், விடுதி நடத்துபவரின் பொறுப்பு என்ற வாதமும் உண்டு. வேலைத்தளத்துக்குக் கொண்டுசெல்வது அவர்கள் பொறுப்பு, சரி. (அதையே இன்னமும் பல நிறுவனங்கள் லாரியின் பின்புறத்தில்தான் செய்கின்றன என்பது தனியே எழுத வேண்டிய துயரம்.) ஆனால் ஓய்வு நாள் ஊழியருக்கே உரியது. அன்று அவர் எங்கே போவார், எப்போது திரும்புவார் என்பது முதலாளி அமர்த்தும் வண்டியின் நேரத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது. மேலும், பேருந்துத் தடத்தை லாபக் கணக்குப் பார்த்து நிறுவனங்கள் தீர்மானித்த காலம் முடிந்துவிட்டது. 2016 முதல் பேருந்துச் சேவைகள் குத்தகை முறையில் நடக்கின்றன. எந்த வழியில் ஓட வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பாதை, செங்காங்-பொங்கோல் இலகு ரயில் ஆகியவற்றின் ரயில்களையும் சமிக்ஞைக் கட்டமைப்பையும் கூட ஆணையம் 2018 ஏப்ரல் 1இல், அவற்றை நடத்தும் எஸ்பிஎஸ் டிரான்சிட்டிடமிருந்து 3.08 கோடி வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. ரயிலும் பேருந்தும் பொதுச் சொத்து என்றால், அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியும் பொதுப் பொறுப்புதான்.

இருப்பதை முதலில் ஒழுங்காக ஓட்டுங்கள் என்பார்கள் சிலர். 2025 ஆகஸ்டு 12இல் மின்கோளாறால் வடகிழக்குப் பாதையும் செங்காங்-பொங்கோல் இலகு ரயிலும் தடைப்பட்டபோது மக்கள் பட்ட அவதி அந்தக் கோபத்துக்கு நியாயம் சேர்க்கிறது. ஆனால் ரயிலின் நம்பகத்தன்மையை உயர்த்த ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி வெள்ளிவரை தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடுதிப் பேருந்து அந்தப் பணத்தில் கை வைக்காது. அதற்கான வழி வேறோர் இடத்தில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2024இல் அரசு அறிவித்த பேருந்து இணைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளிவரை செலவிடப்படும். புதிய குடியிருப்புப் பேட்டைகளில் பயணிகள் எண்ணிக்கை போதிய அளவு உயருமுன்பே சேவைகளைத் தொடங்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. புவாங்கோக் தந்த பாடம் கொள்கையாகவே மாறியிருக்கிறது, மனமாரப் பாராட்டுகிறேன். அந்தக் கொள்கை விடுதிகளுக்கும் நீளட்டும். அங்கே பயணிகள் எண்ணிக்கை உயரக் காத்திருக்கவும் தேவையில்லை. முதல் நாளே ஒவ்வொரு விடுதியிலும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். தொழிற்பேட்டைப் பேருந்தின் அட்டவணை வேலைநாளை மனத்தில் வைத்துப் போடப்படுவது இயல்பு. விடுதிக்கு ஞாயிறுதான் உச்ச நாள், ஞாயிறு மாலைதான் உச்ச நேரம். அதற்கென்று தனி அட்டவணை வேண்டும். கடைசி ரயிலில் வந்து இறங்குபவருக்குக் கடைசிப் பேருந்து காத்திருக்க வேண்டும். நிறுத்தத்தில் வழித்தடமும் நேரமும் தமிழிலும் வங்காளத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதைச் செய்து பார்க்க ஓர் இடமும் இருக்கிறது. மனிதவள அமைச்சு தானே கட்ட முடிவெடுத்த இரண்டு விடுதிகளில் ஒன்றுக்குச் செங்காங் வெஸ்ட் அவென்யூ குறிக்கப்பட்டிருக்கிறது. 7,200 படுக்கைகள். அந்த ஊரின் இலகு ரயில் வடகிழக்குப் பாதையின் செங்காங் நிலையத்தில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ரயில் மாறாமலே தேக்காவில் இறங்கலாம். 2003 ஜனவரியில், பெரிய ரயில் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, அந்த இலகு ரயிலின் கிழக்குச் சுற்று ஓடத் தொடங்கியிருந்தது. 7,200 பேரில் முதல் ஆள் பெட்டியோடு வந்து இறங்குமுன், அந்த வாசலிலிருந்து நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எந்த எண் பேருந்து எத்தனை மணிவரை ஓடும் என்று நிலப் போக்குவரத்து ஆணையமும் மனிதவள அமைச்சும் சேர்ந்து அறிவிக்கட்டும்.